ஆட்சேபம் இருப்பவர்கள் எழுந்து நிற்கவும்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். இவருக்கு மட்டும் லேசாகத் தலைக்கனம். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணனின் இருமல் அந்த ஊர்க் குளிரில் அடங்கியதா, கூடியதா?

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் அண்ணன் குறுக்கே புகுந்து "ஏய் வாயாடி" என்று ஆரம்பித்தால் உங்கள் குரலே எனக்குக் கேட்பதில்லை. கடிதத்தில் அவன் புக முடியாது பாருங்கள்.

புது நாடு, புது வீடு எல்லாம் எப்படி? கிளம்புவதற்கு முன் அண்ணன் இழைத்து இழைத்துச் செய்தானே, பெயர்ப்பலகை, அதை வாசலில் மாட்டிவிட்டீர்களா? உங்கள் இருவர் பெயரும் மூலையில் ஒரு குருவியும். குருவி கோழி மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னதற்கு அவன் சாப்பிடாமல் எழுந்து போனான்.

இனி இவருடைய தலைக்கனம். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு இவரைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. வந்ததும் வராததுமாக ஒரு தலைவலி. கீழ்த்தளத்துப் பின்வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் சண்டை வந்து ஓடிவந்தவர்கள். அவள் துணி தைக்கிறாள், அவன் தையல் மெஷின் பழுது பார்க்கிறான், பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண். அவர்கள் பேசுவது நமக்குப் பாதிதான் புரியும். அவர்கள் வந்த பிறகு தண்ணீர் மோட்டார் அடிக்கடி நின்றுபோகிறது. மாடிப்படியில் அந்நிய ஆட்கள் நடமாட்டம் என்கிறார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிச் சங்கத்தில் தீர்மானம் போடப் போகிறார்கள். தீர்மானம் வந்துவிட்டால் வீட்டுச் சொந்தக்காரர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்கு அவர்கள் மேல் ஒன்றுமில்லை அண்ணி. ஆனால் நாலு பேர் பேசுகிறார்கள். நாலு பேரோடு சேர்ந்து வாழும்போது அவர்கள் சொல்வதையும் பார்க்க வேண்டும் இல்லையா?

அன்புடன்,
உங்கள் வாயாடி


ஜனவரி 30

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. உன் அண்ணனுக்கு இருமல் தேவலை. பட்டறையில் மரத்தூள் பறக்கிறது, அதற்கு முன்னால் மருந்து என்ன செய்யும்? எனக்கு ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை கிடைத்திருக்கிறது. வீடு நல்ல வெளிச்சம், இரண்டு ஜன்னல். பெயர்ப்பலகை இன்னும் மாட்டவில்லை, சரியான ஆணி கிடைக்கவில்லை. எங்கள் தெருவுக்குத் தபால்காரர் ஒழுங்காக வருவதில்லை, அதனால் இனி கடை முகவரிக்கே எழுது.

நாலு பேர் என்றாயே, யார் யார்? எங்கள் கடைக்கு வருகிறவர்கள் மூக்குக்குப் பொருந்தாத ஃப்ரேமை எடுத்து வைத்துக்கொண்டு, "எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க" என்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். நீயும் அப்படி விழிக்காமல், மாடி ஏறிப் போய்க் கேட்டு எழுது. மோட்டார் என்ன, அதற்கு முன்னால் ஒழுங்காக ஓடியதா?

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பைச் சொல். செயலாளர் பதவிக்கு வாழ்த்தும் சொல்.

அன்புள்ள,
அண்ணி


பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம். தச்சன் வீட்டில் ஆணிப் பஞ்சம் என்று படித்துவிட்டு நானும் இவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வேண்டுமென்றால் இங்கிருந்து ஒரு டப்பா அனுப்பட்டுமா?

நீங்கள் சொன்னபடி மாடி ஏறினேன். முதலில் டியூஷன் டீச்சர். "எனக்கு என்னம்மா, பாவம் அவங்க. அந்தப் பொண்ணு என்கிட்ட கணக்குக்கூட கேட்டுக்குது. ஆனா மேல் வீட்டு பேங்க்காரர் ரொம்ப கோவமா இருக்காராமே" என்றார். பேங்க்காரரிடம் போனேன். "யாரு, நானா? கண்டக்டர் மாமாதான் கூடவே கூடாதுங்கிறார்னு கேள்விப்பட்டேன்." ரிட்டையரான கண்டக்டர் மாமா உங்களுக்கு நினைவிருக்கும், எங்கள் கல்யாணத்தில் பந்தியில் எல்லோரையும் "உள்ள போ, உள்ள போ" என்று நகர்த்தியவர். அவரிடம் கேட்டால், "என் பஸ்ல ஏறினவன் எந்த ஊர்க்காரன்னு பார்த்தா டிக்கெட் கிழிச்சேன்? எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆனா செயலாளரே தீர்மானம் எழுதிட்டார்னா நாம என்ன சொல்றது?" என்றார்.

செயலாளர் சோபாவில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "நானா? நாலு பேர் சொன்னாங்கன்னுதானே எழுதினேன்" என்றார். அண்ணி, மூன்று மாடி ஏறி இறங்கிக் கடைசியில் என் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறேன்!

பாவாடைக்கு மடிப்புத் தைக்கிற சாக்கில் பின்வீட்டுக்கும் போனேன். ஒரே அறை. ஜன்னலோரம் மெஷின், அதன் காலடியில் துண்டுத் துணிகள் நிறவாரியாகப் பிரித்து அடுக்கியிருந்தன. கட்டிலுக்கு அடியில் இரண்டு பெரிய மூட்டைகள் கட்டியபடியே கிடந்தன. ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். "மறுபடியும் கட்டணுமே" என்று சொல்லி மெஷினை மிதித்தாள். இந்தப் பகுதியில் குடியிருந்தால்தான் இங்குள்ள பள்ளிக்கூடத்தில் இடம். வீடு போனால் மகளின் படிப்பும் போகும். இவர்களுக்கு வேறு யாரும் வீடு தரத் தயாராக இல்லை.

மோட்டாரைப் பார்த்த மெக்கானிக், அது கிழடு தட்டிப்போயிற்று என்றான். அதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்புடன்,
வாயாடி


மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்துச் சிரித்ததில் ஒரு லென்ஸைக் கீழே போட்டுவிட்டேன். நல்லவேளை, உடையவில்லை. ஆக, அந்த நாலு பேரும் உங்கள் கட்டிடத்தில் இல்லை. கூட்டத்தில் இதை அப்படியே சொல், போதும். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள் நீ, ஊரார் வாயைத் திறக்க வைப்பதுதானே உன் தொழில்.

அந்த மூட்டைகளைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

உன் அண்ணன் நலம், வேலை கொஞ்சம் அதிகம். ஆணி அனுப்ப வேண்டாம்.

அன்புள்ள,
அண்ணி


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கூட்டம் முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத்தான் எங்கள் கூட்டம். வீட்டுக்கு ஒரு வாக்கு. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அனுமதி கிடையாது, அதனால் பின்வீட்டுக்காரர்கள் வரவில்லை. இவர் நின்றுகொண்டு தீர்மானத்தைப் படித்தார். கடைசியில் வழக்கமான வாசகம்: "ஆட்சேபம் இருப்பவர்கள் எழுந்து நிற்கவும்." சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் முறை. யாரும் எழவில்லை என்றால் ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதிவிடுவார்கள். இதுவரை எல்லாமே ஒருமனதுதான்.

இவர் படித்து முடித்ததும் கண்டக்டர் மாமா சட்டென்று எழுந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். இவருக்கே தூக்கிவாரிப்போட்டது. "ஆட்சேபமா மாமா?" என்று கேட்டார். மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். "அட, இல்லப்பா. கால் மரத்துப்போச்சு" என்று தரையில் இரண்டு உதை உதைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே தீர்மானம் நிறைவேறிவிட்டது. பிறகு பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். டீயில் சர்க்கரை அதிகம்.

ஆட்களைக் காலி செய்யச் சொல்லும் தீர்மானம் என்றால் அடுத்த பொதுக்கூட்டத்தில் இன்னொரு முறை படித்து உறுதி செய்ய வேண்டும். அது ஜூலையில். அதுவரை அவர்கள் இருக்கலாம்.

எங்கள் மாடியில் ரோஜாத் தொட்டியில் இரண்டு மொட்டு விட்டிருக்கிறது. அண்ணனுக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வாயாடி


ஏப்ரல் 21

அன்புள்ள வாயாடிக்கு,

நாங்கள் நலம். ரோஜா பற்றி உன் அண்ணனிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார்.

நீ எழுந்தாயா?

அன்புள்ள,
அண்ணி


மே 10

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிளினிக்கில் நேற்று ஒருவர் நல்ல பல்லைக் காட்டி இதைப் பிடுங்குங்கள் என்று அடம்பிடித்தார். சொத்தைப் பல் பக்கத்தில் இருந்தது. டாக்டருக்கும் அவருக்கும் சண்டையே வந்துவிட்டது. இவர் சங்க வேலையில் இளைத்துவிட்டார், பேன்ட் நழுவுகிறது. ரோஜா இரண்டும் பூத்து ஒன்று உதிர்ந்தும் விட்டது.

எனக்கு ஜூன் மாதக் கடைசியில் விடுமுறை கிடைக்கும். நாங்கள் இருவரும் அங்கே வந்து ஒரு வாரம் தங்கலாமா? உங்கள் இரண்டு ஜன்னலையும் பார்க்க ஆசையாக இருக்கிறது. அண்ணனை நேரில் வம்புக்கு இழுத்தும் நாளாயிற்று. உடனே பதில் போடுங்கள், டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
வாயாடி


ஜூன் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? பதிலே இல்லை. போன் செய்தால் அண்ணன் எடுத்து, "அவ கடையில இருக்கா, நான் நல்லா இருக்கேன், வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறான். வாயாடி என்றுகூடக் கூப்பிடவில்லை. என் மேல் கோபமா?

கோபமாகத்தான் இருப்பீர்கள். நீங்கள் கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. எழவில்லை அண்ணி. ஒவ்வொரு வீட்டிலும் என்ன சொன்னார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்படியும் இவரை எதிர்த்து எழுந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. கண்டக்டர் மாமா எழுந்தபோது நாற்காலியின் நுனி வரைக்கும் வந்துவிட்டேன். அவர் உட்கார்ந்ததும் நானும் பின்னால் சாய்ந்துவிட்டேன், டீ குடித்தேன். இப்போதெல்லாம் பின்வீட்டு ஜன்னலைத் தாண்டும்போது செல்போனைப் பார்த்தபடியே போகிறேன். வெட்கமாக இருக்கிறது.

திட்டியாவது எழுதுங்கள்.

வாயாடி


ஜூன் 17

அன்புள்ள வாயாடிக்கு,

உன் மேல் கோபமில்லை, கண்ணு. உன்னை வரச் சொல்ல முடியாமல்தான் எழுதாமல் இருந்தேன். உன் அண்ணன் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். இந்தக் கடிதத்தோடு அது போகட்டும்.

இந்த வீடு கிடைக்கவே நாங்கள் படாத பாடு பட்டோம். போனில் சரி என்பார்கள், எங்களை நேரில் பார்த்ததும் வீடு போய்விட்டது என்பார்கள். கடைசியாக இந்த வீட்டுச் சொந்தக்காரர் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. வெளிநாட்டுக்காரர்கள் குடியிருப்பது தெருவுக்குத் தெரிய வேண்டாம், வாசலில் பெயர் வேண்டாம், எங்கள் பெயருக்குத் தபாலும் வர வேண்டாம். உன் அண்ணன் பலகையைத் துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்தார். ஆணிக்கா எங்கள் வீட்டில் பஞ்சம்?

இப்போது அதுவும் போதவில்லை. "எனக்கு உங்க மேல ஒண்ணுமில்லை, தெருவுல நாலு பேர் ஒரு மாதிரியா பேசுறாங்க" என்று, ஆகஸ்ட் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். எங்கள் பேச்சும் அவர்களுக்குப் பாதிதான் புரிகிறது. உன் அண்ணன் முன்பு மாதிரிச் சிரிப்பதில்லை. பட்டறையிலிருந்து வந்தால் தெருவைப் பார்க்காமல் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

உன் முதல் கடிதத்தில் நாலு பேர் என்று படித்தபோது வயிறு எரிந்தது. அதனால்தான் உன்னை மாடி மாடியாக ஏற விட்டேன். ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். இந்தத் தெருவில் நான் ஒரு கதவைக்கூடத் தட்டிக் கேட்டதில்லை. பயம். அதனால் நீ எழவில்லை என்று திட்ட எனக்கு வாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே.

அன்புள்ள,
அண்ணி


ஜூலை 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அழுததை எழுதப் போவதில்லை. கூட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்தார், மடித்தார், மறுபடி பிரித்துப் படித்தார். "மச்சானுக்கா இப்படி?" என்றார். கூட்டத்தன்று காலையில், "செயலாளர்னு ஆயாச்சு, எழுதினதைப் படிச்சுத்தானே ஆகணும்" என்று யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னார்.

அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். இவர் படித்தார். ஆட்சேபம் இருப்பவர்கள் எழுந்து நிற்கவும் என்றார். எழுந்தேன் அண்ணி. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். இவர் என்னைப் பார்த்தார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, மெதுவாக, "கால் மரத்துப்போச்சா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. ஆட்சேபம்தான்" என்றேன்.

அப்போது கண்டக்டர் மாமா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எனக்கும் போன தடவை கால் மரத்துப்போகலைப்பா" என்றார்.

டியூஷன் டீச்சர் எழுந்தார். எனக்குப் பேர் தெரியாத முதல் மாடி அம்மா எழுந்தார். பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், "இப்ப என்ன, எல்லாரும் எழுந்துக்கிறதா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். இதுவும் நாலு பேரைப் பார்த்து நடந்ததுதான் அண்ணி. இந்த முறை நல்ல பக்கமாக நடந்தது. அதனால் எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. பேங்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்தே இருந்தார். ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எண்ணிக்கை எடுக்கும்போது டீச்சர் கேட்டார், "செயலாளர் வீட்டு வாக்கு எந்தப் பக்கம்? வீட்டம்மா நிக்கிறாங்களே!" இவர் தீர்மானத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நான்தான் ஆரம்பத்துலேருந்தே நின்னுக்கிட்டு இருக்கேனே" என்றார். தீர்மானம் தோற்றது.

ஓடிப்போய்ப் பின்வீட்டில் சொன்னேன். என் அவசரத் தமிழ் தையல்காரிக்குப் புரியவில்லை, மகள்தான் எடுத்துச் சொன்னாள். தாய் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் பிரித்தாள். உள்ளே போர்வைகள், ஒரு சுவர்க் கடிகாரம். இன்னொரு மூட்டை அங்கேயே கிடந்தது. அது அப்புறம் என்றாள்.

அண்ணி, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அந்தத் தெருவில் நாலு பேர் என்கிறார்களே, யார் யார்?

அன்புடன்,
வாயாடி


ஆகஸ்ட் 14

அன்புள்ள வாயாடிக்கு,

நாங்கள் இருவரும் நலம், இந்த முறை சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். தினமும் மிதியடியை உதறும்போது என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறவள் அவள். நாங்கள் இங்கே இருப்பதில் உங்களுக்கு ஏதாவது வருத்தமா என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்லைங்க, ஆனா நாலு பேர்..." என்று ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். பாவம், பயந்துபோனாள். உட்காரவைத்து உங்கள் கட்டிடக் கதையை முழுக்கச் சொன்னேன். கால் மரத்துப்போன கட்டத்தில் அவளும் சிரித்தாள். அடுத்த வீட்டுக்கு அவளே கூட வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சொந்தக்காரரைப் பார்க்கப் போனோம். என்னோடு அவளும், சலவைக்கடைக்காரரும், மாடிவீட்டு நர்ஸும். சொந்தக்காரர் வழக்கம் போல, தெருவில் நாலு பேர் பேசுகிறார்கள் என்றார். "மூணு பேர் இங்கேயே நிக்கிறாங்க. நாலாவது யாருன்னு சொல்லுங்க, அவரையும் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, "என் காதுக்கு அப்படித்தாம்மா வந்துச்சு" என்று முனகினார். அவரும் உன் வீட்டுக்காரர் மாதிரிதான், கெட்டவர் இல்லை. நாங்கள் இருக்கலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும். மூலை வீட்டுக்காரர் எங்களைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார். போகட்டும்.

உன் அண்ணனிடம் வந்து சொன்னேன். நம்பவில்லை. ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரி அங்கிருந்தே கையசைத்தாள். பிறகு பரண் மேல் ஏறினார். இறங்கும்போது கையில் பலகை இருந்தது, கண் கலங்கியிருந்தது. மரத்தூள் விழுந்துவிட்டதாம்.

அடுத்த விடுமுறைக்குக் கட்டாயம் வாருங்கள். இனிக் கடைக்கு எழுதாதே, வீட்டு முகவரிக்கே எழுது. வாசலில் எங்கள் பெயர் இருக்கிறது. ஆணி கிடைத்துவிட்டது.

அன்புள்ள,
அண்ணி

பி.கு.: எதிர்வீட்டுக்காரி பலகையைப் பார்த்துவிட்டு, கோழி ரொம்ப அழகு என்றாள். உன் அண்ணன் அன்று சாப்பிடாமல் எழுந்து போனார்.